நாற்பத்தோரு பேர் உள்ள சம்பந்தி ஊர்

மீனம்பாக்கம் விமான நிலைய வாசலில், காலை எட்டரை மணி வெயிலில் நின்றுகொண்டு, நான் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன்.

கையில் கோடு போட்ட நோட்டு. எதிரே ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்ட இருபத்து நான்கு ஸ்பானியர்கள். பெயரைப் படித்தேன். ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். நான் உச்சரித்த விதத்தில் தன் பெயர் எது என்று தெரியாமல் ஒரே சமயத்தில் மூன்று பேர் கை தூக்கியதும் நடந்தது. இருபத்து நான்கும் சரியாக வந்த பிறகுதான் வேனில் ஏறவிட்டேன்.

"ரிட்டையர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னும் அட்டெண்டன்ஸ் விடலையா நீ?" என்றார் என் கணவர்.

"ஒருத்தர் தொலைஞ்சா கூட ஸ்பெயின் தூதரகத்துக்கு நீங்களா பதில் சொல்வீங்க?" என்றேன்.

வேன் ஓட்டுநர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டே என் அருகில் வந்தார். "இன்னாம்மா, மாப்ள வூட்டுக்காரங்கன்னு தானே சொன்னீங்க. ஊரையே இட்டுகினு வந்துகீறாங்க?"

"ஊர்ல பாதிக்கு மேலப்பா. மிச்சம் பதினேழு பேர் ஆட்டைப் பாத்துக்க அங்கயே நின்னுட்டாங்க" என்றேன்.

அவர் நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் சொன்னது முழு உண்மை.

ஊர் என்றால் இவ்வளவுதான்

அந்த ஊருக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. எங்கள் வீட்டில் யாருக்கும் அது வாயில் நுழையாது. முதல் நாளிலிருந்தே அது எங்களுக்குச் சம்பந்தி ஊர்தான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

ஸ்பெயினின் வடக்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது. மொத்தம் இருபது வீடுகள். அதில் ஒன்று பூட்டிக் கிடந்தது. ஒரு மாதா கோயில், அதில் ஒரு மணி. நடுத்தெருவில் ஒரு கல் தொட்டி, அதில் இரவும் பகலும் ஊற்றுத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். இதைக் கேட்டதும் அஸ்தினாபுரத்துக்காரியான எனக்கு வயிறு எரிந்தது. நாங்கள் கோடையில் லாரித் தண்ணீருக்கு போன் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்.

கடை கிடையாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரொட்டி வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டு வரும். வியாழக்கிழமை மீன் வண்டி. டாக்டர் வாரம் ஒருமுறை வந்து ஓர் அறையில் உட்கார்ந்துவிட்டுப் போவார். உட்கார்ந்து பேச ஒரு சின்ன மது விடுதி உண்டு, அதை நடத்த ஆள் இல்லாததால் வாரம் ஒரு வீடு என்று முறை வைத்துத் திறக்கிறார்கள். யார் வீட்டு முறையோ அவர்கள்தான் காபி போட வேண்டும், கோப்பை கழுவ வேண்டும்.

மக்கள்தொகை நாற்பத்தொன்று. தாம்பரம் லோக்கலில் ஒரு பெட்டியில் நின்றுகொண்டே போகிறவர்கள் இதைவிட அதிகம். ஆனாலும் அது தனி ஊராட்சி. அதற்கென்று முத்திரை உண்டு, கொடி உண்டு, தலைவரும் உண்டு. அந்தத் தலைவர்தான் என் சம்பந்தியம்மா பிலார். உருளைக்கிழங்கு விவசாயி. கையைப் பிடித்துக் குலுக்கினால் நமக்கு ஒரு மணி நேரம் வலிக்கும்.

இவ்வளவு சின்ன ஊர் என்பதால் கவுன்சிலர், வார்டு எதுவும் கிடையாது. ஊரே சபை. கோயில் மணியை ஒரு குறிப்பிட்ட விதமாக விட்டு விட்டு அடித்தால் எல்லோரும் வந்து கூட வேண்டும். பேசி, கை தூக்கி, அங்கேயே முடிவு. வசந்த காலம் தொடங்கும்போதும் அதே மணி அடிக்கும். அப்போது வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியுடன் வந்து பாசன வாய்க்காலைத் தூர்வார வேண்டும். வீடு வீடாகப் பெயர் படித்து, வந்திருக்கிறார்களா என்று பார்ப்பார்கள்.

"அங்கயும் அட்டெண்டன்ஸா!" என்று சந்தோஷப்பட்டேன். அந்த ஊரைப் பற்றி நான் கேட்ட முதல் நல்ல செய்தி அதுதான்.

ஏனென்றால் அதுவரை எனக்கு அந்த ஊர் பிடிக்கவே இல்லை.

பூட்டிய வீட்டுக்கும் பத்திரிகை

என் மகள் நித்யா நாவலூரில் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருந்தாள். தானியேல் அதே கம்பெனிக்கு ஸ்பெயினிலிருந்து வேலை செய்தவன். வீட்டிலிருந்தே வேலை என்று வந்ததும் நகரத்தை விட்டுத் தன் ஊருக்குத் திரும்பிப் போனவன். இரண்டு பேரும் கணினித் திரையிலேயே மூன்று வருடம் சண்டை போட்டு, சமாதானமாகி, கடைசியில் கல்யாணம் என்று வந்து நின்றார்கள்.

பையன் நல்லவன். அதில் எனக்குக் குறை இல்லை. "நாப்பத்தோரு பேர் இருக்கிற ஊர்ல உனக்கு யாருடி இருக்கா? ஒரு தலைவலின்னா யார்கிட்ட போய்ச் சொல்லுவ?" என்பதுதான் என் கேள்வி. உள்ளபடி சொன்னால், பயம்.

கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பு அவள் பதினைந்து நாள் விடுப்பில் அங்கே போனாள். பத்திரிகைக் கட்டை அவளிடமே கொடுத்தனுப்பினேன். தபாலில் போடுவதெல்லாம் அழைப்பே இல்லை என்பது என் கட்சி. வாசலில் போய் நின்று, பெயர் சொல்லி, வாயால் அழைக்க வேண்டும். ஒரு தெருவில் ஒரு வீட்டை விட்டுவிட்டால் அது ஏழு தலைமுறைக்குப் பேச்சாகும்.

ஆகவே நித்யா போனைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். இந்தப் பக்கம் எங்கள் கூடத்தில் நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமத்தோடு நின்றேன். என் கணவர் போனைப் பிடித்துக்கொண்டார். அங்கே கதவு திறக்கும். நான் தாம்பாளத்தை நீட்டுவேன். "கல்யாணத்துக்குக் குடும்பத்தோட கட்டாயம் வந்துடணும்" என்பேன். நித்யா அவர்கள் மொழியில் சொல்வாள். இப்படிப் பத்தொன்பது வாசல்.

இருபதாவது வீட்டின் முன் அவள் நிற்காமல் நடந்தாள்.

"ஏய், அந்த வீடு?"

"அது பூட்டியிருக்கும்மா. வாத்தியார் வீடு. ஸ்கூல் மூடி எத்தனையோ வருஷம் ஆச்சு."

பூட்டிய வீடு மாதிரியே இல்லை. சுவர் புதுச் சுண்ணாம்பில் பளிச்சென்று இருந்தது. ஜன்னலில் சிவப்புப் பூத்தொட்டி. நான் முப்பத்தோரு வருடம் குரோம்பேட்டையில் கணக்கு டீச்சராக இருந்தவள். வாத்தியார் வீட்டை விட்டுவிட்டு வர மனசு கேட்கவில்லை.

"பூட்டியிருந்தா என்ன? கதவு இடுக்குல ஒரு பத்திரிகையைச் சொருகிட்டு வா" என்றேன். சொருகினாள். எதிர்வீட்டு வாசலில் தொப்பி போட்ட கிழவர் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தது திரையின் ஓரத்தில் தெரிந்தது.

வந்துவிட்டார்கள்!

இனி என் தவறு.

நம் ஊரில் "கட்டாயம் வரணும்" என்பார்கள். "கண்டிப்பா வரோம்" என்பார்கள். இரண்டு பேருக்கும் உள்ளுக்குள் கணக்கு தெரியும். திருநெல்வேலியிலிருந்து வருகிறேன் என்று சொன்ன சித்தப்பா வரமாட்டார் என்று தெரிந்துதான் இலைக்குச் சொல்வோம். சம்பந்தி ஊரிலிருந்து ஐந்து பேர், மிஞ்சினால் ஆறு பேர் என்று நான் மண்டபத்தில் இரண்டு அறை மட்டும் சொல்லி வைத்திருந்தேன்.

ஒரு வாரம் கழித்து நித்யா பட்டியல் அனுப்பினாள். இருபத்து நான்கு பெயர்.

"என்னடி இது?"

"அம்மா, இவங்க வரேன்னு சொன்னா வருவாங்கம்மா! வர முடியாதவங்க முடியாதுன்னு அப்பவே சொல்லிட்டாங்க இல்ல? மணி அடிச்சு மீட்டிங் போட்டு, யார் வரது, யார் ஆட்டைப் பாத்துக்கறதுன்னு முடிவே பண்ணிட்டாங்க."

எனக்குத் தலை சுற்றியது. என் கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தாம்பாளத்தை நீட்டும்போது தெரியலையா? இன்னும் நல்லா நீட்டு" என்றார்.

எங்கள் கட்டடத்தில் எட்டு வீடு. எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்காவின் பெயரைத் தெரிந்துகொள்ளவே எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. அந்த ஸ்டெல்லா அக்காதான் முதலில் கதவைத் திறந்துவந்து, "அஞ்சு பேரை என் வீட்டுக்கு அனுப்பிடுங்க டீச்சர். அவங்களும் எங்களை மாதிரி மாதா கோயில்காரங்க, எனக்குப் பேச்சுத் துணை" என்றார். என்ன மொழியில் பேசுவார் என்று நான் கேட்கவில்லை. பிறகு மூன்று வீடுகள் முன்வந்தன. பாயும் தலையணையும் மாடிக்கும் கீழுக்குமாகப் பறந்தன. அந்த ஒரு வாரத்தில்தான் நான் எங்கள் கட்டடத்திலுள்ள எல்லா வீட்டுச் சமையலறையையும் பார்த்தேன்.

கல்யாணத்தைப் பற்றி என்ன சொல்ல! பந்தியில் பிலார் மூன்றாவது முறை பாயசம் கேட்டார். அப்பளத்தை எப்போது உடைப்பது என்று தெரியாமல் ஒரு வரிசையே கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. நான் உடைத்தேன். பன்னிரண்டு அப்பளம் ஒரே நேரத்தில் உடைந்த சத்தத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. நாதஸ்வரக்காரர் பக்கத்திலேயே ஒருவர் முழுநேரமும் நின்றார். திரையின் ஓரத்தில் பார்த்த அதே தொப்பிக் கிழவர். பெயர் பெனிதோ. சிரிக்காத மனிதர். எந்நேரமும் ஒரு கையைக் கோட்டுப் பையிலேயே வைத்திருந்தார்.

மொட்டைமாடியில் ஊராட்சி

மறுநாள் காலை நித்யா முகம் வாடி வந்தாள். கல்யாணப் பெண்ணுக்கு என்ன வந்தது என்று பதறிவிட்டேன்.

விஷயம் இது. சம்பந்தி ஊரில் காலி வீடுகள் கிடையாது. பிலாரின் வீட்டில் ஏற்கெனவே மூத்த மகன் குடும்பம் நெருக்கிக்கொண்டிருக்கிறது. ஊராட்சிக்குச் சொந்தமான ஒரே வீடு அந்த வாத்தியார் வீடு. அதை இவர்களுக்குக் கொடுக்கலாமா என்று சபை முடிவு செய்ய வேண்டும். கிடைத்தால் அங்கேயே குடும்பம். இல்லாவிட்டால் தலைநகரத்தில் எங்காவது ஒரு மாடிக் கட்டடத்தில் ஓர் அறை எடுக்க வேண்டியதுதான்.

மூன்று மாதம் முன்பு என்றால் நான் தலைநகரத்துக்குத்தான் கை தூக்கியிருப்பேன். இப்போது அப்படியில்லை. அழைத்த வார்த்தைக்காக எங்கிருந்தோ கிளம்பி வந்தவர்களை ஐந்து நாளாகப் பார்க்கிறேன். என் மகளுக்குத் தலைவலி என்றால் இந்த இருபத்து நான்கு பேரும் வாசலில் வந்து நிற்பார்கள். பெயர் தெரியாத எதிர்வீட்டோடு ஒன்றரை வருடம் வாழ்ந்தவள் நான். அவள் அப்படி வாழ வேண்டாம். எனக்கு அந்த வீடு வேண்டும் என்று ஆகிவிட்டது.

"பெரும்பான்மை இங்கேதானே இருக்கிறது, இங்கேயே கூடுவோம். ஊருக்குப் போய் முறைப்படி எழுதிக்கொள்ளலாம்" என்றாராம் பிலார். எங்கள் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில், மண்டபத்திலிருந்து வாங்கிவந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் அந்த ஊராட்சி கூடியது. மீதிப் பதினேழு பேர் விடியும் முன்பே எழுந்து கோயில் முன்னால் கூடி, போனில் வந்தார்கள். மணி அடித்தால்தான் சபை. அங்கே ஒருவர் கோயில் மணியை அடித்தார். இங்கேயும் ஒன்று வேண்டும் என்றார்கள். நான் ஓடிப்போய்ப் பூஜை மணியை எடுத்துவந்து ஆட்டினேன்.

பிலார் விஷயத்தைச் சொன்னார். எல்லோர் முகத்திலும் சம்மதம் தெரிந்தது. அப்போது பெனிதோ எழுந்தார். பேசப் பேச நித்யா என் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"கடைசி டீச்சர் கோடை லீவு முடிஞ்சு வரேன்னு போனாங்களாம். வரவே இல்லையாம். அன்னிக்கு சபை கூடி, இந்த வீடு வாத்தியாருக்குத்தான், வேற யாருக்கும் இல்லன்னு முடிவு பண்ணாங்களாம். சாவியை இவர்கிட்ட குடுத்தாங்களாம். வருஷா வருஷம் இவரே சுண்ணாம்பு அடிக்கறாராம். அந்த முடிவை மாத்தணும்னா கை தூக்குங்கன்னு சொல்றாரும்மா."

யாரும் கை தூக்கவில்லை. எப்படித் தூக்குவார்கள்? ஒரு மனிதர் இத்தனை வருடம் காப்பாற்றிய வார்த்தை. தானியேல் தரையைப் பார்த்தான். 

எனக்குக் கோபம் வந்தது. எனக்கு வந்தால் நிற்காது.

"நான் யாருன்னு சொல்லுடி அவர்கிட்ட" என்று எழுந்தேன்.

"அம்மா, உனக்கு இங்க ஓட்டு கிடையாதும்மா…"

"ஓட்டு யார் கேட்டா? முப்பத்தோரு வருஷம் டீச்சர்னு சொல்லு."

சொன்னாள். பெனிதோ என்னைத் திரும்பிப் பார்த்தார். என்ன பாடம் என்று கேட்டார். கணக்கு என்றேன். அந்த ஊரின் இரண்டு குழந்தைகளில் மூத்தவளான லூசியா முன்வரிசையில் இருந்தாள். நித்யா மொழிபெயர்த்ததும் அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். உலகம் முழுவதும் ஒரே மாதிரிதான்.

பெனிதோ அடுத்து ஒன்றே ஒன்று கேட்டார். "நீங்க வருவீங்களா?"

நம் ஊராக இருந்தால் யோசிக்க என்ன இருக்கிறது! "கண்டிப்பா வரேன்" என்று சொல்லிவிட்டுக் காபி கொடுத்திருப்பேன். வாய் வரை வந்துவிட்டது. அப்போதுதான் எதிரே உட்கார்ந்திருந்த இருபத்து நான்கு பேரைப் பார்த்தேன். வரேன் என்ற ஒரு வார்த்தைக்காக வந்தவர்கள். வரேன் என்று போன ஒருவருக்காக ஒரு வீட்டையே வெள்ளையடித்து வைத்திருப்பவர்கள். இவர்களிடம் சும்மா சொல்ல முடியாது.

முதல் முறையாக அந்த வார்த்தையைச் சொல்லும் முன் யோசித்தேன். முட்டிவலியை யோசித்தேன், என் கணவரின் சர்க்கரை மாத்திரையை யோசித்தேன். மாடிப்படி வாசலில் காபி டம்ளரோடு நின்றிருந்த அவரைப் பார்த்தேன்.

"போயேன், நானும் வரேன். இங்க கத்திரி வெயில்ல என்னத்தைக் கிழிக்கப் போறோம்?" என்றார்.

"எழுதிக்கச் சொல்லு" என்றேன் நித்யாவிடம். "வருஷா வருஷம், கத்திரி ஆரம்பிக்கும்போது வருவேன். ரெண்டரை மாசம் இருப்பேன். குழந்தைங்க ஸ்கூல் விட்டு வந்ததும் கணக்கு சொல்லித்தருவேன். மிச்ச நாளு வீட்டை என் பொண்ணும் மாப்பிள்ளையும் பாத்துப்பாங்க."

பெனிதோ அன்றுதான் கோட்டுப் பையிலிருந்து கையை வெளியே எடுத்தார். ஒரு சாண் நீள இரும்புச் சாவி. யாரை நம்பி விட்டுவிட்டு வருவது என்று கூடவே கொண்டுவந்திருக்கிறார். சாவியோடு நான்காக மடித்த ஒரு காகிதமும் வந்தது. குங்குமம் வைத்த எங்கள் கல்யாணப் பத்திரிகை.

"அந்த வீட்டைத் தேடி இத்தனை வருஷத்துல வந்த முதல் கடுதாசியாம்மா. எடுத்து பத்திரமா வெச்சிருக்கார்" என்றாள் நித்யா.  

அவரே முதலில் கை தூக்கினார். பிறகு மாடி முழுக்கக் கைகள், போனுக்குள் பதினேழு கைகள். லூசியா மட்டும் கொஞ்சம் தாமதமாகத் தூக்கினாள். சிறுமிக்கு ஓட்டுக் கிடையாது என்று பிலார் அந்தக் கையை இறக்கிவிட்டார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்த ஸ்டெல்லா அக்காவும் கை தூக்கியிருந்தார். அதை யாரும் எண்ணவில்லை.

மணி அடித்தது

இதெல்லாம் நடந்து மாதங்கள் ஆகிவிட்டன. நித்யா வாத்தியார் வீட்டில் குடித்தனம் செய்கிறாள். ரசம் வைத்தாளாம், எதிர்வீட்டுப் பெனிதோ இரண்டு கோப்பை குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய், மறுநாள் பாத்திரத்தோடு வந்தாராம். எனக்கு விசா வந்துவிட்டது. கத்திரிக்குச் சரியாகப் பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது. மூட்டுத் தைலமும் கணக்கு நோட்டுகளும் பெட்டியில் ஏறிவிட்டன.

போன வாரம் மத்தியானம், பிற்பகல் காபிக்குப் பால் வைத்திருந்தேன். போன் வந்தது. திரையில் நித்யா, கையில் மண்வெட்டி. பின்னால் விட்டு விட்டு மணிச் சத்தம்.

"அம்மா, வாய்க்கால் வேலைக்கு மணி அடிச்சாச்சு. அப்படியே லைன்ல இரு."

கோயில் முன்னால் எல்லோரும் மண்வெட்டியுடன் நின்றிருந்தார்கள். பெனிதோ நோட்டைப் பிரித்து வீடு வீடாகப் படித்தார். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு குரல் பதில் சொன்னது. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். பத்தொன்பது.

இத்தனை வருடமும் பத்தொன்பதோடு நோட்டை மூடிவிடுவாராம். இந்த முறை மூடவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு பெயர் படித்தார். எனக்குப் புரிந்த ஒரே ஸ்பானிய வார்த்தை அது, நித்யா சொல்லிக்கொடுத்திருந்தாள். டீச்சர் வீடு.

நித்யா போனைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தாள். ஊரே திரும்பி என்னைப் பார்த்தது.

"நீதாம்மா சொல்லணும்!"

அடுப்பை அணைத்தேன். புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, சமையலறை நடுவில் நேராக நின்று கை தூக்கினேன். முப்பத்தோரு வருடம் பிள்ளைகள் வகுப்பில் சொல்லிக்கொண்டே இருந்ததை, ஸ்டெல்லா அக்கா கதவைத் திறந்துகொண்டு ஓடிவரும் அளவுக்கு, உரக்கச் சொன்னேன்.

"உள்ளேன் ஐயா!"